பைலட் டிரெய்னிங்ல நடக்குற தப்பையெல்லாம் பசங்களே ஒரு ஷீட்ல சேர்த்தா வம்பு வருமா?

பாளை_பையன்_152

எல்லாருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டை, வெளி மாநிலத்துல ஒரு ஃப்ளையிங் ஸ்கூல்ல சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) பண்ணிக்கிட்டு இருக்கேன், 200 மணி நேரத்துல 140 முடிச்சாச்சு, இப்பம் லீவுல வீட்டுல. ஸ்கூல் பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

விஷயம் என்னன்னா, ரெண்டு மாசத்துக்கு முன்ன என் பேட்ச் பையன் ஒருத்தன் சோலோ சர்க்யூட் (தனியா ஓட்டி ரன்வேய சுத்தி வந்து எறங்குறது) போகையில செஸ்னா 172-வ (குட்டி விமானம்) தரையில போட்டு அடிச்சுட்டான். ரெண்டு தடவ துள்ளி மூக்குச் சக்கரத்துல வந்து விழுந்திருக்கு. டவர்ல யாரும் கவனிக்கல போல. பைய டாக்சி பண்ணி கொண்டுவந்து நிப்பாட்டிட்டு ரூமுக்கு வந்து படுத்துட்டான், வாயத் தொறக்கல. சொன்னா சோலோவ நிப்பாட்டிருவாவ, எக்ஸ்ட்ரா டூயல் (இன்ஸ்ட்ரக்டர் கூட ஓட்டுறது) போடுவாவ, அதுக்கும் துட்டு நம்மதான் கெட்டணும், அவன் வீட்டுல ஏற்கனவே வயக்காட்ட அடமானம் வச்சுதான் அனுப்பியிருக்காவ. மறுநாள் காலைல அதே விமானம் எனக்கு. ப்ரீஃப்ளைட் (பறக்குறதுக்கு முன்ன விமானத்த சுத்திப் பாக்குறது) பாக்கையில நோஸ் ஸ்ட்ரட் (மூக்குச் சக்கரத்தத் தாங்குத கால்) என்னமோ சரியில்லாத மாதிரி தோணுச்சு, இன்ஜினியர கூப்ட்டேன், அவரு கௌலிங்க (இன்ஜின் மூடி) கழத்திப் பாத்தா உள்ள ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல உள்ள சுவரு) தகரம் நெளிஞ்சு கெடக்கு. நான் பாட்டுக்கு ஏறிப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பமும் வயித்தக் கலக்குது. யாரு பண்ணதுன்னு அன்னைக்கி ராத்திரிதான் அவனே வந்து அழுதுக்கிட்டு சொன்னான்.

இத எங்க வாட்ஸ்அப் குரூப்ல (நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, நாரோயில் பசங்க 11 பேரு, 5 ஸ்கூல்ல இருக்கோம்) பேரு ஊரு இல்லாம சொன்னேன். அவ்வளவுதான், அன்னைக்கு ராத்திரி முழுக்க மெசேஜ். ஒருத்தன் எறங்கையில கார்ப் ஹீட் (கார்புரேட்டர்ல ஐஸ் கட்டாம இருக்க குடுக்குற சூடு) போட மறந்து இன்ஜின் இருமிருச்சுங்கான், ஒருத்தன் இன்னொரு விமானத்துக்கு குடுத்த கிளியரன்ஸ (டவர் குடுக்குற அனுமதி) தனக்குன்னு எடுத்துக்கிட்டு ரன்வேல நுழையப் பாத்தானாம், ரன்வேல மயில் நின்ன கதை மூணு பேரு. எல்லாரும் தனக்கு மட்டும்தான் நடந்துச்சுன்னு உள்ளயே வச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

அதான் ஒரு கூகிள் ஃபார்ம் போட்டு எல்லாத்தையும் ஒரு ஷீட்ல சேர்த்தா என்னன்னு யோசனை. இது சட்டப்படி தப்பா? சேர்த்த பொறவு அத வச்சு என்ன பண்ண முடியும்? ஜி1000 (டிஜிட்டல் காக்பிட் ஸ்க்ரீன்) உள்ள விமானத்துல இருந்து டேட்டா எடுக்கலாம்னு சொல்லுதாவ, அது உண்மையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அல்வாவும்_மிக்சரும்

வேண்டாம்லே தம்பி. நல்ல எண்ணம்தான், இல்லேங்கல. ஆனா 11 பேருக்கு தெரிஞ்சது 12-வது ஆளுக்கு தெரியாதுன்னு நெனச்சியா? ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு போதும். நாளைக்கு உங்க சிஎஃப்ஐ (சீஃப் ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்) கூப்பிட்டு எந்த நாயி எழுதுனதுன்னு கேப்பாரு, அப்பம் உன் குரூப்ல எத்தன பேரு உன்கூட நிப்பான்னு பாரு. லைசென்ஸ் கையில வர வரைக்கும் வாய மூடிட்டு இரு. நான் பைலட் இல்ல, மெர்ச்சன்ட் நேவில 14 வருசம் கெடந்தவன், எங்களுக்கும் நியர் மிஸ் ஃபார்ம் உண்டு. மாசம் இத்தன ஃபார்ம் வேணும்னு ஆபீஸ்ல இருந்து கணக்கு கேப்பாவ, நாங்களும் "ஹெல்மெட் போடாம ஒருத்தர் போனார்"னு எழுதி அனுப்புவோம். நெசமா நடந்தத ஒருத்தனும் எழுத மாட்டான்.

வள்ளியூர்_அண்ணாச்சி

மேல உள்ள தம்பி சொன்னதுல பாதி நெசம், பாதி கோட்டித்தனம். நான் ஏர்ஃபோர்ஸ்ல 20 வருசம் டெக்னீசியனா இருந்துட்டு இப்பம் ஊர்ல தென்னந்தோப்ப பாத்துக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரிஞ்சத சொல்லுதேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கிடுங்க.

1974 டிசம்பர் 1, அமெரிக்காவுல டிடபிள்யூஏ கம்பெனியோட 514-னு ஒரு போயிங் 727. வாஷிங்டன் நேஷனல்ல எறங்க வேண்டியது, காத்து சரியில்லன்னு பக்கத்துல டல்லஸ் ஏர்போர்ட்டுக்கு திருப்பி விட்டாவ. கன்ட்ரோலர் "அப்ரோச்சுக்கு கிளியர்"னு சொன்னாரு. அந்த வார்த்தைக்கு பைலட் ஒரு அர்த்தம் வச்சிருந்தாரு, கன்ட்ரோலர் வேற அர்த்தம் வச்சிருந்தாரு. எறங்கலாம்னு சொல்லிட்டாவ, முன்னால மலை இருந்தா அவியளே சொல்லிருப்பாவன்னு பைலட் நெனச்சு 1800 அடிக்கு எறங்குனாரு. அங்கன மவுன்ட் வெதர்னு ஒரு மலை. மோதி 92 பேரும் போயிட்டாவ.

இதுல பெரிய வயித்தெரிச்சல் என்ன தெரியுமா எய்யா, அதுக்கு ஆறு வாரத்துக்கு முன்னால யுனைடெட் கம்பெனி விமானம் ஒண்ணு அதே அப்ரோச்சுல, அதே குழப்பத்துல, அதே மலைக்கு மேல மயிரிழையில தப்பிச்சுப் போயிருக்கு. அந்த பைலட் சும்மா இருக்கல, தன் கம்பெனில சொல்லிட்டாரு. கம்பெனியும் தன் பைலட்டுக்கெல்லாம் சொல்லிட்டு. ஆனா பக்கத்து கம்பெனிக்காரனுக்கு யாரு சொல்லுவா? ஒரு வழியும் கிடையாது. நம்மூர்ல இந்த வளைவுல மணல் கொட்டிக் கெடக்குன்னு ஒரு பஸ்காரன் தன் டெப்போல மட்டும் சொல்லி வச்சான், அடுத்த டெப்போ பஸ் வந்து சறுக்கிட்டுன்னா எப்படி இருக்கும், அதான்.

அதுக்குப் பொறவுதான் 1975-ல எஃப்ஏஏ (அமெரிக்க அரசோட விமானத் துறை) ஒரு ரிப்போர்ட்டிங் திட்டம் போட்டாவ, தப்பு நடந்தா எழுதுங்க தண்டிக்க மாட்டோம்னு. பைலட்டுக யோசிச்சானுவ. ஏன்னா லைசென்ஸ் குடுக்கவனும் அவன்தான் புடுங்கவனும் அவன்தான், அவன்கிட்டயே போயி நான் தப்பு பண்ணேன்னு எவன் சொல்லுவான். அந்தால 1976-ல அத நாசா கையில குடுத்தாவ. நாசாவுக்கு யாரையும் தண்டிக்கிற அதிகாரமே கிடையாது, ராக்கெட் விடுதவன். அதான் ஏஎஸ்ஆர்எஸ். அதுக்குப் பொறவு வந்த ரிப்போர்ட்டு பத்து லட்சத்த எப்பவோ தாண்டிட்டு. பெரிய ஏர்லைன் மட்டும் இல்ல, உன்னப்போல குட்டி விமானம் ஓட்டுதவனும் எழுதலாம்.

அங்க ஒரு பழக்கம் எனக்கு ரொம்ப புடிக்கும். ஃபார்ம்ல மேல உன் பேரு நம்பரு எழுதுத துண்டு ஒண்ணு உண்டு. உள்ளதப் படிக்கவரு சந்தேகம் இருந்தா உனக்கு போன் போட்டு கேப்பாரு. கேட்டு முடிச்ச பொறவு அந்தத் துண்டக் கிழிச்சு தேதி முத்திரையோட உனக்கே திருப்பி அனுப்பிருவாவ. அவங்ககிட்ட உன் பேரு மிச்சம் இருக்காது. சம்பவம் நடந்த 10 நாளைக்குள்ள எழுதிட்டா, அது வேணும்னே பண்ணதா இல்லாம, விபத்தோ குற்றமோ இல்லாம இருந்தா, எஃப்ஏஏ விதிமீறல்னு கண்டுபிடிச்சாலும் பொதுவா லைசென்ஸ சஸ்பெண்ட் பண்ண மாட்டாவ. அந்தத் துண்டுதான் அதுக்கு அத்தாட்சி. நீ போடப்போற ஷீட்ல அந்தத் துண்டக் கிழிக்கவன் யாருன்னு மொதல்ல முடிவு பண்ணு. தண்டிக்க முடியாதவனா, தண்டிக்கவனுக்கு சொந்தக்காரனா இல்லாதவனா இருக்கணும்.

பாளை_பையன்_152

அண்ணாச்சி நெசமாவே சிலுத்துட்டு. அந்த ஆறு வாரம் கதை எங்க கிளாஸ்ல யாரும் சொல்லல. நம்ம நாட்டுல இது மாதிரி எங்க எழுத?

தருவை_டீச்சர்

தம்பி, நான் இன்ஸ்ட்ரக்டர். சொந்த ஊர் தருவைகுளம், வேலை வேற இடத்துல. உன் கேள்வில மூணு வேற வேற விஷயம் ஒண்ணா கலந்து கெடக்கு, அத பிரிக்கலைன்னா உன் ஷீட் உனக்கே எமனாகும்.

உன் நண்பன் பண்ண ஹார்ட் லேண்டிங் இருக்குல்லா, அது ஷீட்ல எழுதுற விஷயமே கிடையாது. அது டெக் லாக்ல (விமானத்தோட கோளாற எழுதுற புக்கு) எழுதுற விஷயம். அன்னைக்கே, விமானத்த விட்டு எறங்குன கையோட. ஹார்ட் லேண்டிங்னு எழுதிட்டா அந்த விமானம் இன்ஸ்பெக்ஷன் முடியாம அசையக் கூடாது. 172-ல மூக்கு குத்தி விழுந்தா மொதல்ல அடி வாங்குறது ஃபயர்வால்தான், எல்லா இன்ஜினியருக்கும் தெரியும். அநாமதேயமா ஒரு ஃபார்ம்ல "ஒரு நாள் ஒரு விமானத்துல" னு எழுதி வச்சா அந்த விமானம் மறுநாள் பறக்கும்லா? நீதான் பறந்திருப்ப. அதனால எந்த விமானத்துலயாவது உடைஞ்சிருக்கலாம்னு சந்தேகம் வந்தா ஃபார்ம தூக்கிப் போட்டுட்டு இன்ஜினியர்கிட்ட ஓடு. மாட்டிக்கிட்டாலும் பரவால்ல.

ரெண்டாவது, சட்டப்படி கட்டாயம் சொல்ல வேண்டியது. ஆக்சிடென்ட், சீரியஸ் இன்சிடென்ட் எல்லாம் ஸ்கூலே டிஜிசிஏ-க்கும் (லைசென்ஸ் குடுக்குற நம்ம நாட்டு விமானத் துறை) ஏஏஐபி-க்கும் (விபத்து விசாரிக்கிற அமைப்பு) சொல்லணும், அதுல உன் இஷ்டம் கிடையாது. ஏஏஐபி 2012-ல தனியா வந்தது. விசாரணை பழி போடறதுக்கு இல்ல, திரும்ப நடக்காம இருக்கறதுக்குன்னு ஐகாவோ (உலக விமானப் போக்குவரத்து அமைப்பு) அனெக்ஸ் 13-லயே எழுதியிருக்கு.

மூணாவதுதான் நீ சொல்லுற விஷயம். கிளியரன்ஸ் மாத்திக் கேட்டது, கார்ப் ஹீட் மறந்தது, மயிலு. ஒண்ணும் உடையல, யாருக்கும் தெரியாது, ஆனா அடுத்தவனுக்கு தெரிஞ்சா நல்லது. இதுக்கு உங்க ஸ்கூல்லயே சேஃப்டி மேனேஜர்னு ஒருத்தர் இருக்கணும், ரிப்போர்ட் பாக்ஸும் இருக்கணும், டிஜிசிஏ-க்கு நேரா வாலண்டரி ரிப்போர்ட் அனுப்பவும் வழி இருக்கு. அல்வா அண்ணன் கேக்கப் போறது எனக்குத் தெரியும், டிஜிசிஏ தானே தண்டிக்கவும் செய்யும்னு. ஆமா, அண்ணாச்சி சொன்ன சிக்கல் அப்படியேதான் இருக்கு. இருந்தாலும் அந்தக் கதவும் இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கோ.

ஜி1000 கேட்டேல்ல. உண்மைதான், மேல உள்ள எஸ்டி கார்டு ஸ்லாட்ல கார்டு இருந்தா செகண்டுக்கு ஒரு தடவ எல்லாத்தையும் எழுதிக்கிட்டே இருக்கும், வேகம், உயரம், சாய்வு, ஆயில் டெம்பரேச்சர், ஆர்பிஎம், ஜி லோடு. சிஎஸ்வி ஃபைல், எக்செல்லயே தொறக்கலாம். அமெரிக்காவுல நார்த் டகோட்டா யுனிவர்சிட்டில ஆரம்பிச்ச என்ஜிஏஎஃப்ஐடி-னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, குட்டி விமானக்காரன் இந்த மாதிரி ஃபைல அதுல ஏத்தி தன் அப்ரோச் மத்தவன் அப்ரோச்சோட ஒப்பிட எப்படி இருக்குன்னு பாத்துக்கலாம். ஆனா அந்த கார்டு உன் சொத்து இல்ல, ஸ்கூல் சொத்து. கேக்காம காப்பி எடுத்தா வம்புல மாட்டிக்கிடுவ, எச்சரிக்கை. இன்னொண்ணு, அத வச்சு ஹார்ட் லேண்டிங்க புடிச்சுரலாம்னு நெனைக்காத. தரையில இடிக்கிற அந்த அடி செகண்டுல ஒரு சின்ன துண்டுதான், செகண்டுக்கு ஒரு தடவ பதியறது அத தவறவிட்டுரலாம். டேட்டால ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தம் இல்ல. அதுல நல்லா தெரியறது அதுக்கு முன்னாடி உள்ள 30 செகண்டு: வேகம் எவ்வளவு கூட இருந்துச்சு, எறங்குற ரேட் எப்படி ஆடிச்சு. கெட்ட லேண்டிங் எல்லாம் அங்கதான் ஆரம்பிக்குது. பழைய செஸ்னா 152-ல இதெல்லாம் கிடையாது, அதுல உன் ஞாபகம்தான் டேட்டா.

காத்தையும் ஷீட்ல போடு. கயத்தாறு பக்கம் காத்தாடி எதுக்கு அவ்வளவு நிக்குதுன்னு உனக்கு தெரியும்லா, செங்கோட்டை கணவாய் வழியா ஆனி ஆடில வர்ற காத்து. அந்தக் காத்துல வளந்த பய நீ, ஆனா உன் ஸ்கூல் ரன்வேல காத்து எந்தப் பக்கம்னு எழுதாம "பவுன்ஸ் ஆச்சு"னு மட்டும் எழுதுனா பாதி கதைதான். 172எஸ் புக்குல 15 நாட் கிராஸ்விண்டுன்னு (பக்கவாட்டுக் காத்து) போட்டிருக்கும், 152-க்கு 12. அது லிமிட் இல்ல, கம்பெனி பைலட் ஓட்டிக் காமிச்ச அளவு. பசங்க ரெண்டையும் குழப்பிக்கிடுவாங்க.

அல்வாவும்_மிக்சரும்

டீச்சர் நான் கேக்க வந்தத நீங்களே கேட்டுட்டிய. சரி அத விடுங்க, பையன் டெக் லாக்ல எழுதுனா அவன் துட்டு போகுது, எழுதலைன்னா அடுத்தவன் உசுரு போகுது. இந்தக் கணக்க ஸ்கூல்காரன் மாத்தாம பையன்கிட்ட நீ யோக்கியனா இருன்னு சொல்றது எனக்கு ஒப்பல.

தருவை_டீச்சர்

எனக்கும்தான் ஒப்பல. நான் ட்ரெய்னியா இருக்கும்போது ஒரு தடவ டாக்சில விங் டிப்ப ஹேங்கர் கதவுல லேசா உரசிட்டேன். சொல்லல. ரெண்டு நாள் தூக்கம் இல்ல, மூணாவது நாள் சொன்னேன், ஏச்சு வாங்குனேன், ஒரு மாசம் வெளிய உக்காந்தேன். இப்ப என் ஸ்டூடண்ட் வந்து தானா சொன்னா அந்த எக்ஸ்ட்ரா டூயல நானே ஸ்கூல்ல பேசி பாதியாவது குறைச்சு வாங்குவேன். எல்லா இடத்துலயும் முடியாது. அதுக்கு மேல என் கையில இல்ல.

குத்தாலச்சாரல்

நான் விமானத்துல பேசஞ்சரா மட்டும்தான் ஏறியிருக்கேன், ஆனா பொழப்பு டேட்டாதான், சென்னையில. தென்காசிக்காரன். தம்பியோட ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, சேர்த்து என்ன பண்ணன்னு. சில விஷயம் கண்டிப்பா தெரிஞ்சுக்கோ.

எண்ணிக்கைய பாத்து பயப்படவும் செய்யாத சந்தோசப்படவும் செய்யாத. ஆனித் தேரோட்டத்துக்கு ரதவீதில போலீஸ் பூத் ஒண்ணு கூட போட்டா செயின் காணோம்னு வர்ற புகார் கூடும். அதுக்காக அந்த வருசம் திருடன் கூடிட்டான்னு சொல்ல முடியுமா, சொல்றதுக்கு இடம் கூடிருக்கு அவ்வளவுதான். உன் ஷீட்ல ஒரு ஸ்கூல்ல இருந்து 20 வருது இன்னொண்ணுல இருந்து 1 வருதுன்னா அந்த 20 ஸ்கூல் மோசம்னு நெனைச்சுராத, அங்க பசங்க தைரியமா எழுதறானுங்கன்னும் இருக்கலாம். ரிப்போர்ட் வர்ற எந்த சிஸ்டத்துலயும் இது உண்டு, அண்ணாச்சி சொன்ன ஏஎஸ்ஆர்எஸ்லயும் உண்டு, அவங்களே சொல்லிருவாங்க இந்த எண்ணிக்கைய வச்சு எத்தன தடவ நடக்குதுன்னு கணக்கு போடாதீங்கன்னு.

அடுத்து எதால வகுக்குறது. மணி நேரத்தால வகுத்தா சர்க்யூட் அடிக்கிறவன் மோசமாத் தெரிவான், ஏன்னா அவன் ஒரு மணி நேரத்துல ஏழெட்டு லேண்டிங் போடுவான், கிராஸ் கன்ட்ரி (வேற ஊருக்கு பறந்து போறது) போறவன் ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணுதான். லேண்டிங் தப்ப லேண்டிங்காலதான் வகுக்கணும். ஏர்லைன்ல எத்தன ஃப்ளைட்னு துல்லியமா கணக்கு இருக்கு, குட்டி விமானத்துல அது கிடையாது, அமெரிக்காவுலயே வருசா வருசம் சர்வே எடுத்து உத்தேசமாதான் மணி நேரம் போடறாங்க. உங்க 11 பேருக்கு அந்தக் கவலை இல்ல, லாக்புக்லயே இருக்கு, அதுல நீங்க பெரிய ஆளுங்கள விட ஒரு படி மேல.

ஒண்ணும் வரலைன்னாலும் கதை முடியல. 300 லேண்டிங்ல ஒரு தடவ கூட ஒரு தப்பு நடக்கலைன்னு வச்சுக்கோ, கணக்குப்படி அது 100-க்கு 1 வரைக்கும் கூட இருக்கலாம், இல்லன்னு சொல்ல முடியாது. மூணை எண்ணிக்கையால வகுத்தா வர்றது, 3/300. நெறைய பேரு பூஜ்யத்த பாத்துட்டு பார்ட்டி வைப்பாங்க.

இப்ப பெரிய சிக்கல், அல்வா அண்ணன் பயந்தது. பேர எடுத்துட்டா ஆளு தெரியாதுன்னு நெனைக்காத. உங்க ஸ்கூல்ல மொத்தம் நாலு விமானம், சோலோ போறவன் ஆறு பேருன்னு வச்சுக்கோ. "செவ்வாக்கிழமை காலைல 172, சோலோ, பவுன்ஸ்" அப்படின்னு எழுதுனா சிஎஃப்ஐ ரோஸ்டர எடுத்து பத்து செகண்டுல புடிச்சுருவாரு. எங்க தெருவுல "பச்சை கேட்டு வீட்டுக்காரன்"னு சொன்னா பேரு சொன்ன மாதிரிதானே. ஏஎஸ்ஆர்எஸ்ல தேதியே இருக்காது, மாசம் வருசம் மட்டும்தான், நேரத்த கூட ஆறு மணி நேர கட்டமா ஆக்கிருவாங்க. நீயும் அதையே பண்ணு, வெளிய விடுற ஷீட்ல ஸ்கூல் பேரு வேண்டாம், விமான நம்பர் வேண்டாம், ஒரு மாசத்துக்கு மேல தாமதமாதான் ஷீட்ல ஏத்தணும். ஒரு ஸ்கூல்ல இருந்து மூணு பேராவது எழுதாத வரைக்கும் அந்த ஸ்கூல் விஷயத்த வெளிய விடாத.

கடைசியா, 11 பேர் டேட்டால கிராஃப் போடாத, அசிங்கமா இருக்கும். எழுதுனத உக்காந்து படி. "அப்பம் நான் என்ன நெனச்சேன்"னு ஒரு பெட்டி வை ஃபார்ம்ல, அதுல வர்றதுதான் தங்கம். அந்த டிடபிள்யூஏ கதைல கூட ஒரு நம்பரும் தேவைப்படலையே, ஒரே ஒரு ஆளு "எனக்கு இப்படி புரிஞ்சுது"ன்னு எழுதுனது அடுத்த கம்பெனிக்கு போயிருந்தா போதும்.

வள்ளியூர்_அண்ணாச்சி

தென்காசி தம்பி நல்லா சொன்னீரு. அந்தத் துண்டக் கிழிக்க ஆளு வேணும்னா நீரே இரும்வே, நீரு பைலட்டும் இல்ல எந்த ஸ்கூலும் இல்ல.

குத்தாலச்சாரல்

அண்ணாச்சி என்ன மாட்டி விடுதிய. சரி, பண்ணுதேன். ஆனா போன் பண்ணி கேக்கறதுக்கு டீச்சர் மாதிரி ஒருத்தர் கூட இருக்கணும், கார்ப் ஹீட்னா எனக்கு என்ன தெரியும்.

தருவை_டீச்சர்

கேள்விய எனக்கு அனுப்புங்க, பேரு அனுப்பாதீங்க.

பாளை_பையன்_152

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு நெனைக்கல. நேத்து அந்த நண்பன்கிட்ட பேசுனேன். டீச்சர் சொன்னத அப்படியே படிச்சுக் காமிச்சேன். இன்ஜினியர்கிட்ட போயி நான்தான்னு சொல்லப் போறேங்கான், எப்பன்னு சொல்லல, நானும் நெருக்கல. ஃபார்ம மாத்திட்டேன், தேதி எடுத்தாச்சு, விமான நம்பர் எடுத்தாச்சு, காத்து போட்டாச்சு, "அப்பம் என்ன நெனச்ச" பெட்டிய பெருசா வச்சாச்சு. "உங்க பேரு"ன்னு முதல் கேள்வி இருந்துச்சு, அதையும் தூக்கிட்டேன். சாயந்திரம் குரூப்ல விடுதேன்.

அல்வாவும்_மிக்சரும்

செட்டிங்ஸ்ல போயி ஈமெயில் கலெக்ட் பண்ணுத ஆப்ஷன அணைச்சியா?

பாளை_பையன்_152

அய்யோ.